கறி வேண்டாம், ஆனால் கறி மாதிரி வேண்டும்: ஏன்?

ஜன்னலோரம் கேட்டது:

யாரையும் குத்திக்காட்டக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன். நான் பிறந்ததிலிருந்து சைவம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் இரண்டு வருடத்துக்கு முன்னால் கறி சாப்பிடுவதை விட்டார். விட்டவர், மதியத்துக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தாவர பர்கர் கொண்டு வருகிறார். போன வாரம், "ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன், முழுக்கச் செடிதான்" என்று பிய்த்துக் கொடுத்தார்.

உள்ளே இளஞ்சிவப்பு. விரலில் கொழுப்புப் பிசுபிசுப்பு. கடித்தால் பொலபொலவென்று உதிராமல் இழுத்துக்கொண்டு வருகிறது. அட்டைப்பெட்டியில் இருந்ததை இரண்டு முறை படித்தேன்: பட்டாணிப் புரதம், தேங்காயெண்ணெய், பீட்ரூட் சாறு. எதுவும் நான் சாப்பிடாதது இல்லை. ஆனாலும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. திரும்பி நின்று காகிதத்தில் துப்பிவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை என்பார்களே, அந்தக் கதை.

வேண்டாம் என்று விட்ட ஒன்றை அச்சு அசலாக அதே மாதிரி செய்து ஏன் சாப்பிட வேண்டும்? அவ்வளவு ஆசை இருந்தால் அதையே சாப்பிட்டுவிட்டுப் போகலாமே? நண்பரிடமே கேட்டிருக்கலாம். துப்பிய பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

கோடைமழை:

நானும் உங்கள் கட்சிதான். யாராவது காளானைப் பார்த்து "கறி மாதிரியே இருக்கு" என்று புகழ்ந்தால் அதோடு தட்டை நகர்த்திவிடுவேன். இத்தனை நாள் காளானாக இருந்தது, ஒரு வார்த்தையில் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. ஆனால் நம்மை மாதிரி பிறவிச் சைவத்தை நினைத்து அந்த பர்கரை யாரும் செய்யவில்லை. நமக்கு நினைவூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் நண்பருக்கு இருக்கிறது.

பழையசட்டி:

உங்கள் நண்பர் இருக்கும் இடத்தில் இருப்பவன் நான். 38 வயது வரை கறி சாப்பிட்டேன், விட்டு ஆறு வருடமாகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ருசி பிடிக்காமல் போய் நான் விடவில்லை. ஒரு நாள் சிக்னலில் என் வண்டிக்குப் பக்கத்தில் கோழிக்கூண்டு அடுக்கிய லாரி ஒன்று வந்து நின்றது. கம்பி இடுக்கு வழியாக ஒரு கோழி தலையை நீட்டி, என் வண்டிக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே கொத்திப் பார்த்தது. இரண்டு கொத்து. அப்புறம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பச்சை விழுந்தது, லாரி போய்விட்டது. அன்றைக்கு மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை, ராத்திரியும் முடியவில்லை, அப்படியே நின்றுபோனது. ஆனால் என் நாக்கு அந்த சிக்னலில் நிற்கவில்லையே. அது பாட்டுக்குப் பழையதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

முதல் நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். வறுக்கிற வாசனை. அது கறிக்கே சொந்தமான வாசனை என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், நல்ல சூட்டில் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேரும்போது நடக்கிற வினையாம். மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் எழுதி வைத்திருக்கிறார். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் வறுத்த காப்பிக்கொட்டை மணப்பதும் பெரும்பாலும் அதே வேலைதான். கறியில் கூடுதலாக இருப்பது ஹீம் என்கிற, இரும்பைத் தாங்கிய ஒரு பொருள். இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2016இல் கொண்டுவந்த பர்கரில் அதையும் சேர்த்துவிட்டார்கள். சோயாச் செடியின் வேர்முடிச்சில் ஹீம் உள்ள புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்து, ஈஸ்ட்டைக்கொண்டே அந்தப் புரதத்தை உண்டாக்குகிறார்கள். உங்கள் நண்பர் கொடுத்தது பீட்ரூட் வகை. அதில் சிவப்பு வெறும் நிறத்துக்கு.

வாசனையைவிட எனக்குப் பெரிய தொல்லை பல். காய்கறியும் பருப்பும் போதாதா என்கிறார்கள், புரதத்துக்குப் பார்த்தால் தாராளமாகப் போதும். பல்லுக்கு வேலை வேண்டுமே. முப்பது வருடம் இழுத்துக் கடித்துப் பழகியது. குழைந்த பருப்பை எத்தனை நாள் மென்றுகொண்டிருப்பது? அப்போதுதான் மீல்மேக்கருக்கு வந்தேன். எண்ணெய் எடுத்த சோயா மாவை ஈரப்படுத்தி, சூட்டோடும் அழுத்தத்தோடும் சின்னத் துளை வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்த நொடியில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பொங்க, மாவு அடுக்கடுக்காக நார் விட்டுவிடுகிறது. காய்ந்ததில் பாதி எடை புரதம். முதல் தடவை பிழியாமல் வாணலியில் போட்டேன், ஈரப் பஞ்சைத் தின்ற மாதிரி இருந்தது. கொதிநீரில் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். பிறகு மறுபடியும் ஒரு பிழி. அப்போதுதான் உப்பும் உறைப்பும் உள்ளே போகும்.

இதெல்லாம் எதற்கு என்றால், என் அம்மா ஒரு வறுவல் செய்வாள். அவள் போய் ஒன்பது வருடம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த காகிதம் எண்ணெய்க் கறையோடு இன்னும் இருக்கிறது. அதில் மொத்தம் பதினொரு பொருள். பத்து செடியிலிருந்து வருபவை. பதினொன்றாவதில் மட்டும் நான் ஆளை மாற்றியிருக்கிறேன். சட்டியின் ஓரத்தில் கருகி ஒட்டிக்கொள்வதைக் கரண்டியால் சுரண்டும்போது வருகிற சத்தம்கூட அப்படியேதான் இருக்கிறது. இதைப் போலி என்று என் மைத்துனர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்புறம், "ஆசை இருந்தால் அதையே சாப்பிடலாமே" என்ற அந்த வரி. திருடுவதை விட்டவன் பணத்தையும் வெறுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நண்பரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், அதைக் கேட்காதீர்கள். அவர் இதற்குள் அம்பது தடவை கேட்டிருப்பார்.

ஜன்னலோரம்:

அம்மாவின் காகிதம் என்று படித்ததும் கொஞ்சம் நிறுத்தித்தான் மேலே படித்தேன். நன்றி.

ஒரு சந்தேகம். சத்துக்காகச் சாப்பிடுவதாகவும் சிலர் சொல்கிறார்களே, அதில் உண்மை உண்டா? இன்னொன்று, இதெல்லாம் நேற்றைக்கு முளைத்த ஆலைச் சரக்குதானே?

மாவுக்கை:

தம்பி, நேற்றைக்கு முளைத்ததில்லை. சீனாவில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவை உள்ளூரார் "சின்ன ஆட்டுக்கறி" என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அங்கே பௌத்த மடங்களில் கோதுமைப் பசையைக் கோழி மாதிரி, மீன் மாதிரி செய்வது பழைய வழக்கம். விருந்துக்கு வருகிறவர்களில் கறி சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா. அமெரிக்காவில் கெல்லாக் என்ற டாக்டர், கார்ன்ஃப்ளேக்ஸுக்குப் பேர் போனவர், 1890களிலேயே தன் சிகிச்சை விடுதியில் நிலக்கடலையை அரைத்து மாற்று இறைச்சி செய்து கொடுத்திருக்கிறார்.

ஆலையும் வேண்டியதில்லை. நான் வீட்டில் செய்கிறேன். கோதுமை மாவை அழுத்திப் பிசைந்து ஒரு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டு, அதே தண்ணீருக்குள் கசக்க வேண்டும். மாவுச்சத்து பால் மாதிரி கரைந்து போகும். தண்ணீர் மாற்றி மாற்றி ஐந்தாறு அலசு. நடுவில் ஒரு கட்டத்தில் உருண்டை பிய்ந்து கந்தலாகி, எல்லாம் போச்சு என்று தோன்றும். விடாமல் சேர்த்துப் பிடித்தால் சவ்வு மாதிரி ஒன்று கையில் தங்கும். அதுதான் குளூட்டன். ஒரு கிலோ மாவு கைப்பிடியளவுக்குச் சுருங்கிவிடும், அது ஒன்றுதான் வயிற்றெரிச்சல். வேகவைத்துக் கீறினால் நார் தெரியும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. லைசின் என்ற அமினோ அமிலமும் இதில் குறைவு, அதனால் பருப்பை விட்டுவிடக் கூடாது.

சத்துக்கு வருகிறேன். புரதம் உண்டு, சிலவற்றில் வைட்டமின் பி12 சேர்த்தும் விற்கிறார்கள். பால், முட்டைகூடத் தொடாத முழுச் சைவத்துக்கு அது உதவி, ஏனென்றால் செடியிலிருந்து நம்பிச் சாப்பிடும் அளவுக்கு பி12 கிடைக்காது. ஆனால் கடை பர்கரில் உப்பு கணிசம், தேங்காயெண்ணெய் இருந்தால் நிறைகொழுப்பும் கணிசம். எனவே "உடம்புக்கு நல்லது" என்று மொத்தமாக முத்திரை குத்த மாட்டேன். பலாக்காயை நாருக்காகப் போடுகிறார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் புரதம் பெயருக்குத்தான். பூஞ்சையிலிருந்து செய்கிற குவோர்ன் என்ற மாற்று இறைச்சி 1985இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. அதன் பல வகைகளில் ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள், முட்டை சேர்க்காதவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

என் வீட்டில் யாரும் ஏக்கத்தில் சாப்பிடவில்லை. நானும் மகளும் சைவம், அவரும் மகனும் கறி. முன்பு இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி, இரண்டு பேர் முதலில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரே சட்டி. பாத்திரம் தேய்ப்பது நான்தான், அதனால் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜன்னலோரம்:

இன்றைக்கு நண்பரிடம் பேசிவிட்டேன். முதலில் துப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு சுற்றி வளைத்து, பழைய ருசியா, வீட்டு ஞாபகமா, கொள்கையா என்று உங்களிடம் கற்றதையெல்லாம் அடுக்கினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலையில் எழுந்திருக்க நேரமாகிவிடுகிறது. அது ஃப்ரீசரில் இருக்கும், எட்டு நிமிடத்தில் வெந்துவிடும்."

பழையசட்டி:

அட, அதுவும் உண்டு. எழுத விட்டுப்போச்சு.