தாயம் விழ வாய்ப்பு 1/7-ஆ, 1/8-ஆ? எங்கே தவறுகிறேன்?

முதலாண்டு மாணவி

வணக்கம். இளநிலைப் புள்ளியியல் படிக்கிறேன். நிகழ்தகவில் முதல் பயிற்சியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் தாயம் விழும் நிகழ்தகவு என்ன என்பது கேள்வி. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், மற்றொன்று வெற்று. இரண்டுமே வெற்றாக விழுந்தால் 12. ஆக, விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு. தாயம் என்பது 1, அந்த ஏழில் ஒன்று. 1/7 என்று எழுதினேன். விடை 1/8 என்று அடித்துவிட்டார்கள்.

மனம் ஒப்பவில்லை. அப்பத்தாவின் பித்தளைக் கட்டைகளை எடுத்து 80 முறை உருட்டிக் குறித்தேன். தாயம் 11, இரண்டு 14, மூன்று 21, நான்கு 16, ஐந்து 9, ஆறு 5, பன்னிரண்டு 4. எண்பதை ஏழால் வகுத்தால் 11.4. என் விடைதானே ஒத்துப்போகிறது?

இன்னொன்று. 1/8 என்றே வைத்துக்கொண்டாலும் எட்டு முறை உருட்டினால் 8 × 1/8 = 1. அதாவது எட்டு முறைக்குள் தாயம் நிச்சயம் விழ வேண்டும். நேற்று ஆட்டத்தில் பதினான்கு முறை உருட்டியும் எனக்கு ஒரு காய்கூட இறங்கவில்லை!

பழைய வாத்தியார்

உருட்டிப் பார்த்தாயே அம்மா, அதற்கே பாதி மதிப்பெண் தரலாம். ஆனால் உன் தாளிலேயே பதில் இருக்கிறது. தாயத்தை மட்டும் பார்க்காதே. 80 முறையில் 1/7-க்கு 11.4, 1/8-க்கு 10. உனக்கு வந்த 11 இரண்டுக்கும் பொருந்தும். மூன்றையும் பன்னிரண்டையும் பார். உன் கணக்குப்படி இரண்டும் ஏறக்குறைய 11 முறை விழ வேண்டும். விழுந்தது 21, 4.

ஏழு விளைவுகள் உண்டு என்பது சரி. அவை சம வாய்ப்புள்ளவை என்று யார் சொன்னது? சம வாய்ப்பு கட்டையின் முகங்களுக்குத்தான், கூட்டுத்தொகைக்கு அல்ல. ஒரு கட்டையில் மட்டும் குங்குமப் பொட்டு வைத்துவிட்டு உருட்டு. பொட்டுக்கட்டையில் 1, மற்றதில் வெற்று; பொட்டுக்கட்டையில் வெற்று, மற்றதில் 1. இவை வேறு வேறு என்பது கண்ணுக்கே தெரியும். கூறுவெளியில், அதாவது விழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், 4 × 4 = 16 இணைகள். தாயத்துக்கு அவற்றில் இரண்டு, ஆகவே 2/16. மூன்றுக்கு நான்கு இணைகள், பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. 80 முறைக்கு எதிர்பார்ப்பது மூன்று 20, பன்னிரண்டு 5.

வெட்கப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754-இல் இதே குழியில் விழுந்தார். நாணயத்தை இரு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று கலைக்களஞ்சியத்திலேயே எழுதினார். முதலிலேயே தலை விழுந்துவிட்டால் இரண்டாவது சுண்டல் எதற்கு என்று மூன்று விளைவுகளை மட்டும் எண்ணினார். சரியான விடை 3/4.

கட்டை உருட்டி

பதினான்கு முறை விழாமல் போனால் பதினைந்தாவது முறை வாய்ப்பு கூடியிருக்கும். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய வாத்தியார்

அனுபவத்தோடு சண்டை போட மாட்டேன் அண்ணா, குறிப்பேட்டிடம் கேட்போம். மாணவி, நீ வரிசையாகக் குறித்திருக்கிறாய் அல்லவா? தொடர்ந்து ஐந்து முறை தாயம் விழாத இடங்களை எல்லாம் தேடு. ஆறாவதாக உருட்டியதில் எத்தனை தாயம் என்று எண்ணு.

இனி இரண்டாவது சந்தேகம். எப்போது கூட்டலாம்? ஒரே உருட்டலில் தாயமும் ஐந்தும் சேர்ந்து விழாது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். எனவே மறு ஆட்டம் தரும் 1, 5, 6, 12 நான்கையும் தயங்காமல் கூட்டு: 2 + 2 + 1 + 1, அதாவது 6/16. ஆனால் முதல் உருட்டலில் தாயம், மூன்றாவதில் தாயம் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். கூட்டினால் அந்த ஆட்டங்களை இருமுறை எண்ணிவிடுகிறாய். ஒன்பது முறை உருட்டியிருந்தால் 9/8 வந்திருக்கும். அப்போதே சந்தேகம் தட்டியிருக்கும்!

தலைகீழாகப் போ. ஒரு முறை தாயம் விழாதிருக்க 7/8. உருட்டல்கள் சாரா நிகழ்ச்சிகள், ஒன்றில் விழுந்தது மற்றதைப் பாதிக்காது, ஆகவே பெருக்கலாம். எட்டு முறையும் விழாதிருக்க 7/8-இன் எட்டாம் அடுக்கு, 0.344. ஒரு முறையாவது விழ 0.656. பதினான்கு முறையும் விழாதிருக்க 0.154. நேற்று உனக்கு நடந்தது அப்படியொன்றும் அதிசயம் இல்லை.

முதலாண்டு மாணவி

மிக்க நன்றி ஐயா. எண்ணிவிட்டேன். ஐந்து முறை தொடர்ந்து விழாத இடங்கள் 37. அடுத்த உருட்டலில் தாயம் விழுந்தது 5 முறை. கிட்டத்தட்ட அதே எட்டில் ஒன்று. 80-ஐ எட்டெட்டாகப் பத்துக் கட்டாகவும் பிரித்தேன். மூன்று கட்டுகளில் தாயமே இல்லை.

குங்குமம் வைக்கப் போனபோது அப்பத்தா சொன்னார்: "அந்தக் கட்டை ஒரு பக்கம் தேய்ந்தது, அதை வைத்தா கணக்குப் போடுகிறாய்?" உண்மையிலேயே ஒரு முனை மழுங்கியிருக்கிறது. அப்போது 16 இணைகளும் சமம் என்பது?

பழைய வாத்தியார்

அப்பத்தா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சமம் என்பது நாம் வைத்துக்கொண்ட அனுமானம். அந்தக் கட்டையை மட்டும் தனியே 200 முறை உருட்டு. முகத்துக்கு 50-ஐ ஒட்டி வந்தால் கவலை இல்லை. ஒரு முகம் 80-ஐத் தொட்டால் இங்கே வந்து சொல்.