ஒன்பதாம் வகுப்பில் கற்பித்தல் பயிற்சி: ஆர்வத்திலிருந்து தொடங்குவதா, ஒழுங்கிலிருந்தா?

பயிற்சி ஆசிரியை (பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம்):

அனைவருக்கும் வணக்கம். கற்பித்தல் பயிற்சிக்காக ஊரகப் பகுதியிலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தி வருகிறேன். இது ஆறாவது வாரம். வகுப்பில் 43 மாணவர்கள். பாடக்குறிப்பை முறையாக எழுதிக்கொண்டுதான் போகிறேன். ஆனால், பாடவேளை பாதியைத் தாண்டுவதற்குள் பின்வரிசையில் பேச்சு எழுந்து, மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் பரவிவிடுகிறது.

முதல் இரண்டு வாரங்கள் வீட்டுக்கணக்கை முடித்து வருபவர்களின் நோட்டில் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டினேன்; நல்ல பலன் தெரிந்தது. மூன்றாம் வாரம் ஒரு புதிர்க்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, எப்போதும் முதலில் போட்டு முடிக்கும் மாணவி, "இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அன்று எனக்கு மனம் மிகவும் சோர்ந்துபோனது.

முதல் மாதம் சிரிக்கவே கூடாது, கையில் ஒரு ஸ்கேலாவது இருக்க வேண்டும் என்கிறார் வழிகாட்டி ஆசிரியர். அடிப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. ஆர்வம் வந்துவிட்டால் ஒழுங்கு தானே வரும் என்று நம்பித்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் காண்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, 33 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்கேல் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் மேசைமேல் பிரம்பு இருப்பது வழக்கம். நானும் அடித்திருக்கிறேன்; அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. என் வகுப்பு அமைதியாக இருந்தது உண்மைதான். ஆனால் அடிவாங்கிய பிள்ளைகள் சிலர் தேர்வுத்தாள் கொடுக்கும் நாள்களில் பள்ளிக்கே வராமல் நின்றார்கள். வகுப்பின் அமைதியைப் பார்த்துப் பெருமைப்பட்ட நான், வருகைப் பதிவேட்டைப் பார்க்கத் தவறினேன்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டு, "உன் அக்கா எப்படிப் படித்தாள், நீ ஏன் இப்படி இருக்கிறாய்" என்று நாற்பது பேர் முன்னால் கேட்பதும் அடிதான்.

ஒரு வேலை செய்யுங்கள். சத்தம் பாடத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை மூன்று நாள்கள் குறித்து வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காத நிலையில், வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு உங்கள் பாடவேளை எவ்வளவு நீளமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கல்வி உளவியல் விரிவுரையாளர்:

ஐயா சொல்வதை ஏற்கிறேன்; இருப்பினும், எல்லாச் சத்தத்துக்கும் கற்றல் இடைவெளி காரணமாகிவிடாது. ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவுகளை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் கண்டித்த விதத்தில், ஒழுங்கான வகுப்புக்கும் ஒழுங்கற்ற வகுப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, வகுப்பின் எல்லா மூலையும் ஆசிரியரின் கவனத்தில் இருக்கிறது என்பதை மாணவர் உணர்ந்திருந்ததிலும், ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குத் தடங்கலின்றி அவர்களை நகர்த்தியதிலும் இருந்தது. நீண்ட கணக்கை நீங்களே எழுதும்போது எவ்வளவு நேரம் வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கிறீர்கள்? ஒரு படியை எழுதிவிட்டுத் திரும்புங்கள். அடுத்த படியை அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நோட்டு எடுப்பது, விடை காட்டுவது, குழுவாக அமர்வது ஆகியவற்றுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்தாமல், ஆர்வம் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

ஸ்டார் விஷயத்தில் நீங்கள் கண்டது புதிதன்று. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், படம் வரைவதில் முன்பே ஆர்வமுள்ள மழலையர்களில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, எந்தப் பரிசும் அறிவிக்காதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். ஆனால் எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு இந்தக் குறைவு ஏற்படவில்லை. ஆகவே, பரிசே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். தானே விரும்பிச் செய்பவளுக்கு முன்கூட்டியே விலை பேசாதீர்கள்.

பயிற்சி ஆசிரியை:

மூன்று நாள்கள் குறித்துப் பார்த்தேன், ஐயா. மூன்று நாளும் சத்தம் ஒரே இடத்தில்தான் தொடங்கியது: நான் மாதிரிக்கணக்கை முடித்து, "இப்போது நீங்கள் போடுங்கள்" என்று சொன்ன உடனே.

நேற்று கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் அருகில் போய் அமர்ந்தேன். இடது கையால் நோட்டை மறைத்துக்கொண்டு எழுதினான். மூன்றின் கீழ் நான்கையும் ஐந்தின் கீழ் ஏழையும் ஒப்பிடும் கணக்கு. எழுதினான், அழித்தான், மறுபடியும் எழுதி அழித்தான். கடைசியில் தாளே கிழிந்துவிட்டது. அதன் பிறகுதான் பக்கத்துப் பையனைச் சீண்டத் தொடங்கினான். பகுதிகளைச் சமப்படுத்தத் தேவையான நான்காம் வாய்ப்பாடே அவனுக்கு ஐந்து வரிக்கு மேல் வரவில்லை. ஐந்து வாரங்களாக அவனை அடங்காதவன் என்றுதான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

இன்னும் பத்து வாரங்கள்தான் இருக்கின்றன. அவனைப் போல ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பாடப்பகுதியையும் முடித்தாக வேண்டும்.

தமிழாசிரியை:

தங்கையே, ஆசிரியர் எப்படிப் பாடம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் கூறும் இடத்தில் "விரையான் வெகுளான்" என்ற இரு சொற்கள் அடுத்தடுத்து வரும். அவசரப்படாதவர், சினம் கொள்ளாதவர் என்று பொருள். பாடப்பகுதியை முடிக்கும் அவசரத்தில்தான் எனக்கும் கோபம் வந்திருக்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்துச் சொன்ன பொருத்தத்தை வகுப்பறையில்தான் உணர்ந்தேன்.

பத்து வாரங்களில் எல்லா இடைவெளியையும் நிரப்ப முடியாது. நாள்தோறும் முதல் ஐந்து நிமிடம், அன்றைய பாடத்துக்குத் தேவையான பழைய கணக்கு இரண்டை மட்டும் எல்லோருக்கும் கொடுங்கள். அந்த ஏழெட்டுப் பேரைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்க வேண்டாம், பெயர் வைத்துவிடுவார்கள். அந்த மாணவனை இப்போதே பலகைக்கு அழைக்காதீர்கள். அவன் சரியாகப் போட்ட ஒரு படியை அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு நகருங்கள். நோட்டை மறைக்கும் அந்தக் கையை அவனாகவே எடுக்கிற நாளில் அழையுங்கள்.