கார்வெட் கதவு விரிசல், யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே, டல்லாஸ்ல இருக்கேன். 1974 கார்வெட் (செவர்லே ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு வாங்கி ரெண்டு வருஷமா நோண்டிட்டு இருக்கேன் (வீட்ல இதுக்கு வச்சிருக்கிற பேரு "வெள்ளை யானை"). இந்த வண்டி கதவுக்கு வெளிய ஃபைபர்கிளாஸ், உள்ள இரும்பு ஃப்ரேம், அதனால தகரம் மாதிரி தட்டி நிமுத்துற வேலையே இல்ல. டிரைவர் சைடு மிரர் மாட்டுற போல்ட்லேர்ந்து நாலு இஞ்சுக்கு விரிசல் ஓடுது, முதல்ல பெயிண்ட் மட்டும் தான் வெடிச்சிருக்குனு நெனச்சேன், சாண்ட் பேப்பர் போட்டு தேச்சா உள்ள நார் வரைக்கும் போயிருக்கு.

பக்கத்துல ஒரு கடைல பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா போதும்ங்கறாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல, ஒவ்வொரு தடவ கதவ சாத்தும்போதும் அதிருமே, டெக்சாஸ் வெயில் வேற, ஆறு மாசத்துல திரும்ப தெரிஞ்சிரும்.

என் பிளான் என்னன்னா, விரிசல் முனைல சின்னதா ஓட்டை போட்டு அது மேற்கொண்டு ஓடாம நிறுத்திட்டு, ரெண்டு பக்கமும் சரிவா கிரைண்ட் பண்ணி, உள்பக்கத்துலேர்ந்தும் கிளாஸ் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டலாம்னு. டோர் டிரிம்ம கழட்டியாச்சு, ஆனா ஜன்னல் மெக்கானிசம் குறுக்க நிக்குது, கை போகல.

கேள்வி இதான்: மேட் ஒட்ட எந்த ரெசின் (இறுகிப் போற பசை) நல்லது, பாலியெஸ்டரா, எபாக்ஸியா? அச்சுல அழுத்தி செஞ்ச பேனல்ல பாலியெஸ்டர் சரியா பிடிக்காதுனு ஒருத்தர் பயமுறுத்திட்டாரு. எபாக்ஸி போட்டா அதுக்கு மேல பிரைமர் என்ன? ஜன்னல கழட்டாம உள்ள மேட் ஒட்ட ஏதாச்சும் டெக்னிக் இருக்கா? கையால செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ், போட்டோ கமெண்ட்ல போடறேன்.