ரைசன் 5 1600: பிராசசரை மட்டும் மாற்றினால் போதுமா?

பாளை_மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். 2018-இல் பூட்டிய என் கணினியில் ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 2666 வேகத்தில் ஓடும் 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை இருக்கின்றன. மானிட்டர் ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸ். வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டை ஆடும்போது, புகை போட்டு இரண்டு அணியும் ஒரே இடத்தில் மோதும் நேரத்தில் படம் திக்கித் திக்கி நகர்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும் என்று ஜங்ஷனில் ஒரு கடையில் சொன்னார்கள். வீட்டில் ஒரே ஒரு செலவுக்குத்தான் சம்மதம் கிடைக்கும். பிராசசரை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா?

வண்ணார்பேட்டை_அண்ணாச்சி:
தம்பி, தயங்காமல் பிராசசரை மாற்றுங்கள். 1600-இல் ஆறு கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகள்) மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 8 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்தான் சொந்தம். ஒரு கூட்டத்தில் இருக்கும் தரவு மற்றதற்குத் தேவைப்பட்டால் இடையிலுள்ள இணைப்பைக் கடந்து போக வேண்டும். அந்த இணைப்பின் வேகமோ ரேமின் வேகத்தோடு கட்டுண்டது, உங்கள் ரேம் 2666. நீங்கள் சொல்லும் திக்கலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 2022-இல் வந்த 5600-இல் ஆறு கோர்களும் ஒரே கூட்டமாக இருந்து 32 எம்பி கேஷையும் சேர்ந்து பயன்படுத்துகின்றன. சராசரி ஃபிரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) கூடுவதைவிட, அடிமட்ட ஃபிரேம்கள் சரியாமல் நிற்பதுதான் ஆடுகிறவர் கைக்குத் தெரியும் மாற்றம்.

தென்காசி_சாரல்:
அண்ணாச்சி சொன்ன கேஷ் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. முடிவில்தான் மாறுபடுகிறேன். ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016-இல். புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீடுகளை அந்தத் தலைமுறைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டு, இனிப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாக அறிவித்திருக்கிறது. அத்தகைய கார்டை வைத்துக்கொண்டு பிராசசருக்குப் பணம் போட்டால், வேலரண்ட் தவிர வேறெதிலும் பலன் தெரியாது. அதற்கு மேல், உங்கள் போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் முடிந்துபோன பாதை. 2022-இல் வந்த ஏஎம்5 போர்டுக்குப் பணம் சேர்த்தால், பிற்பாடு அதே போர்டில் இன்னொரு பிராசசரையும் பொருத்திக்கொள்ளலாம்.

வண்ணார்பேட்டை_அண்ணாச்சி:
ஏஎம்5 போர்டு டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு, கையிலிருக்கும் நல்ல 16 ஜிபி ரேமை ஒதுக்கிவிட்டு ஒரு கல்லூரிப் பிள்ளையை அந்தச் செலவில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்டா பிராசசரா என்பதற்கு நாம் வாதாடத் தேவையில்லை, தம்பியே அளந்து பார்க்கலாம். முதலில் ஃபிரேம் வரம்பு, வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குக் கட்டும் அமைப்பு) இரண்டையும் அணைத்துவிடுங்கள். விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். கார்டின் சுமை பாதிக்கும் கீழே குறைந்தும் எண் ஏறவில்லை என்றால், தடை பிராசசர் பக்கம். எண் விறுவிறுவென்று ஏறினால் சாரல் சொல்வதே சரி.

பாளை_மாணவன்:
பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. வேலரண்டில் ரெசல்யூஷனை இறக்கியும் எண் அசையவில்லை. கார்டு பாதிச் சுமையில்கூட இல்லை. ஆனால் தனியாக ஆடும் ஒரு கதை விளையாட்டில் கார்டு 99 சதவீதத்தில் நின்றது, ரெசல்யூஷனை இறக்கியதும் ஃபிரேம் நன்றாக ஏறியது.

தென்காசி_சாரல்:
ஆக, ஒரு விளையாட்டில் அவர் பக்கம், மற்றதில் என் பக்கம். என் கவலை வேகத்தோடு முடியவில்லை. உங்கள் போர்டுக்கு வயது ஏறிவிட்டது. பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் பல மலிவு பி350 போர்டுகளுக்கு சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கே கிடையாது. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மாடி அறையில் அந்தப் பகுதி படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் கேபினட்டுக்குள் படியும் புழுதியையும், கடலோர உவரிப் பக்கத்துக் கணினிகளில் உப்புக்காற்று காலப்போக்கில் அரிக்கும் இணைப்புகளையும் பார்க்கிறவன் நான். போர்டு போய்விட்டால் புதிய பிராசசர் மேசைமேல்தான் கிடக்கும். கார்டு என்றால் எந்தக் கணினிக்கும் கூடவே வரும்.

வண்ணார்பேட்டை_அண்ணாச்சி:
105 வாட் 5800எக்ஸ்3டி பிராசசரைப் போடச் சொல்லியிருந்தால் இந்த எச்சரிக்கைக்கு நானும் தலையாட்டியிருப்பேன். 5600-க்கு 65 வாட், இப்போதுள்ள 1600-க்கும் அதே 65 வாட். இத்தனை கோடையைத் தாங்கிய விஆர்எம் மேல் புதிதாகப் பாரம் ஏறப்போவதில்லை, பவர் சப்ளையையும் மாற்ற வேண்டாம். 1600-உடன் வந்த ஸ்பயர் கூலர், 5600 பெட்டியில் வரும் ஸ்டெல்த்தைவிடப் பெரியது. அதையே தூசு தட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

அம்பை_ஆசிரியை:
இருவரும் வேகத்தையே பேசுகிறீர்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. இந்தத் தம்பி அதே கணினியில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டுவார், வங்கிக் கணக்கையும் திறப்பார். கார்டை மட்டும் மாற்றினால், விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததால் வந்த பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பாளை_மாணவன்:
அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பிராசசரையே மாற்றுகிறேன். நானே கழற்றி மாட்டலாமா, கடைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

வண்ணார்பேட்டை_அண்ணாச்சி:
நீங்களே செய்யலாம், வரிசை மட்டும் பிசகக் கூடாது. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பி350 அடங்கிய 300 வரிசை போர்டுகளுக்கு, 5600 அடங்கிய 5000 வரிசை ஆதரவை ரைசன் தயாரிப்பாளரான ஏஎம்டி 2022-இல்தான் திறந்தது. அதற்கு முந்தைய பயாஸில் 5600 உயிர் பெறாது. உங்கள் போர்டின் மாடலைத் தயாரிப்பாளர் தளத்தில் தேடி, ஆதரவுப் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். சில போர்டுகளில் இடைப்பட்ட ஒரு பயாஸை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்; ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள், மின்வாரியம் பராமரிப்புக்கு அறிவித்த நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

கூலரைக் கழற்றும் இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. நெம்புகோல் பூட்டியிருந்தாலும், வெப்பம் கடத்த இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு கூலரோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சற்று நேரம் விளையாட்டை ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு திருகுகளைத் தளர்த்துங்கள். கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினால், பேஸ்ட்டின் பிடி விடுவது கைக்கே தெரியும். அதற்குப் பிறகு தூக்குங்கள்.

தென்காசி_சாரல்:
கார்டுதான் முதலில் என்ற என் கருத்து, வேகத்தைப் பொறுத்தவரை அப்படியே நிற்கிறது. ஆசிரியை சொன்ன பாதுகாப்புக் காரணத்துக்காக மட்டும் இதை ஏற்கிறேன். பெட்டியோடு, மூன்றாண்டு உத்தரவாதத்தோடு வரும் 5600-ஐயே வாங்குங்கள். பெட்டியில்லாமல் தனியாக விற்கும், உத்தரவாதமில்லாத டிரே பிராசசரை விலை குறைவென்று எடுக்காதீர்கள். பிறகு கார்டு வாங்கும் நாள் வந்தால், பி350-இல் கார்டைப் பொருத்தும் பிசிஐஇ இணைப்பில் மூன்றாம் தலைமுறை வேகம்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு லேன் (தரவுப் பாதை) மட்டுமே உள்ள கார்டு அதில் மிகவும் பின்தங்கும்.