டெட் பாஸ் பண்ணியாச்சு, மே மாசத்தை எப்படித் தள்ளுறது?

பாம்பன்காரி:
கணக்குல பி.எஸ்சி., பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 2 மூணும் முடிச்சுட்டேன். இப்ப மண்டபம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில வேலை. கையெழுத்துப் போடுற நோட்டுல ஒரு தொகை இருக்கும், கவர்ல 9,000 இருக்கும். முதல் மாசமே யூனிபார்ம் சேலை ரெண்டுக்கும் பிடிச்சுக்கிட்டாங்க. டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால பஸ் காசு மட்டும் மிச்சம்.

ஏப்ரல் கடைசியில "ஜூன்ல வாங்க டீச்சர்"னு அனுப்பிடுவாங்க, மே சம்பளம் கிடையாது. அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவர். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். ஆக, வீட்டுல சம்பாதிக்கிற ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்துருவோம். தடைக்கால நிவாரணம் கையில வர்றதுக்குள்ள மளிகைக்கடை நோட்டுல பக்கம் தீர்ந்துடும். பி.எட். படிப்புக்கு எடுத்த கல்விக்கடன் நிக்குது, அம்மா சங்கிலி சொசைட்டியில அடகுல இருக்கு.

இப்ப சாயல்குடி பக்கம் அரசுப் பள்ளியில, பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக வேலை, 15,000ன்னு சொல்றாங்க. ரூம் எடுத்துத் தங்கணும். போகலாமா?

தொண்டி அக்கா:
தங்கச்சி, 15,000ன்னு பார்க்காத, அது எப்ப கையில வரும்னு பாரு. நான் அப்படி ஒரு வேலையில இருந்தப்ப சம்பளம் மாசாமாசம் வந்ததே இல்ல, சேர்த்துத்தான் போட்டாங்க. அதுவரைக்கும் வாடகை வீட்டுக்காரம்மாவுக்குப் பதில் சொல்லி மாளல. அட்வான்ஸ், வாடகை, சாப்பாடு, வாரக்கடைசி பஸ் எல்லாம் போக உனக்கு இப்ப மிஞ்சுறதைவிடப் பெருசா ஒண்ணும் மிஞ்சாது. அதுவும் கல்வியாண்டோட முடியுற வேலை, மே மாசம் அங்கயும் இல்ல. நாளைக்கு நிரந்தரம் கேட்டா உரிமை கிடையாதுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் சேர்ப்பாங்க.

உச்சிப்புளி வாத்தியார்:
அக்கா சொல்றது சரிதான். டெட் மட்டும் போதாதும்மா. 2018-ல வந்த அரசாணைப்படி அதுக்கு மேல டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தனியா ஒரு போட்டித் தேர்வு வைக்குது. அதுல தேறினா அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 36,400. இந்தத் தற்காலிக வேலையை அதோட வச்சுப் பாரு. படிக்க நேரம் எங்க கிடைக்குமோ அங்க இரு. கல்விக்கடனுக்குத் தவணை ஆரம்பிக்கலைன்னாலும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். அதனால வட்டியை மட்டுமாவது மாசாமாசம் கட்டிடு. மே மாசத்துக்கு டியூஷன் எடு.

பாம்பன்காரி:
சார், டியூஷன் எடுக்கலாம், ஆனா எங்க தெருவுல யாருகிட்ட பீஸ் கேக்குறது? தடைக்காலம் எல்லா வீட்டுக்கும்தானே. போன வருஷம் பிள்ளைங்க வந்துச்சு, பீஸுக்குப் பதிலா கருவாடு வந்துச்சு. நல்ல கருவாடுதான், ஆனா வட்டி கட்ட முடியாது.

தொண்டி அக்கா:
சிரிச்சுட்டேன். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பாரு. துபாய், சவுதி பணம் வர்ற வீடுங்க, தடைக்காலம் அங்க ஒண்ணும் செய்யாது. பத்தாம் வகுப்புக்குப் போற பிள்ளைங்களுக்குக் கணக்குன்னா போன்லயே எடுக்கச் சொல்லிக் கேப்பாங்க. பிப்ரவரியிலேயே பேசி வச்சுடு, ஏப்ரல்ல போனா வேற ஆள் பிடிச்சிருப்பாங்க. பீஸை மாச ஆரம்பத்துலயே வாங்கு, கடைசியில கேட்டா இழுத்தடிப்பாங்க.

உச்சிப்புளி வாத்தியார்:
இன்னொண்ணு, உன் ஒரிஜினல் சர்டிபிகேட் யாருகிட்ட இருக்கு?

பாம்பன்காரி:
பள்ளியிலதான் சார். சேரும்போதே வாங்கி வச்சுக்கிட்டாங்க. பாதியில நின்னா மூணு மாசச் சம்பளம் கட்டினாத்தான் தருவாங்களாம்.

உச்சிப்புளி வாத்தியார்:
அப்ப சாயல்குடியை விடு, முதல்ல அதை வாங்கு. டி.ஆர்.பி. சரிபார்ப்புக்குக் கூப்பிட்டா ஒரிஜினலோடதான் போகணும். "வங்கியில கேக்குறாங்க"ன்னு எழுதிக் கொடு, அந்தக் கடிதத்தோட நகல்ல சீலும் தேதியும் போட்டு வாங்கிக்க. வாயால கேட்டா "பாக்கலாம்"னுதான் சொல்வாங்க. கையில வந்ததும் திருப்பிக் கொடுக்காத, ஜெராக்ஸ் கொடு.

பாம்பன்காரி:
சரி சார், திங்கக்கிழமை எழுதிக் கொடுக்குறேன். அக்கா, கீழக்கரையில தெரிஞ்ச வீடு இருந்தா தனியா மெசேஜ் போடுங்க.