கொழும்பு காலி வீதி நெரிசலில் வாகனங்களுக்கு இடையால் பைக் ஓட்டுவது எப்படி? உதவி வேண்டும்

கேள்வி: வெள்ளவத்தை எஃப்இஸட்

வணக்கம். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் பைக்கில்தான் போய் வருகிறேன். யமஹா எஃப்இஸட். வெறும் ரோட்டில் ஓடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. காலை ஏழரைக்குப் பிறகு காலி வீதி அடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் சிக்கல். மற்றப் பைக்காரர்கள் எல்லோரும் இடையால் நுழைந்து போய்விடுகிறார்கள், நான் ஏதாவதொரு பஸ்ஸின் புகைக்குப் பின்னால் நிற்கிறேன்.

நுழைந்து பார்த்தால், நடக்கிற வேகத்துக்கு வந்தவுடன் ஹாண்டில் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கி, கால் தன்பாட்டில் கீழே போகிறது, சிலவேளை எஞ்சினும் நின்றுவிடுகிறது. அதைவிடப் பயம் தருவது, பாதி தூரம் போனபிறகு முன்னால் ஒரு கார் சரிந்து நின்று வழியை அடைத்திருப்பது. முன்னாலும் போக ஏலாது, பின்னாலும் வர ஏலாது, அந்த நேரம் பார்த்து எல்லா வாகனமும் நகரத் தொடங்கும். பின்னால் வரும் பைக்குகள் ஹோர்னை அமத்திக்கொண்டே இருப்பார்கள். பின்னேரத்தில் பம்பலப்பிட்டியில் வகுப்பு முடிந்து தங்கச்சியை ஏற்றி வர வேண்டும், அவள் பின்னால் இருக்கும்போது என்ன செய்வதென்றே தெரியவில்லை. கடற்கரை ஓரமாகப் போகும் மரைன் டிரைவால் போ என்று சொல்வீர்கள், அந்த நேரத்தில் அதுவும் நிரம்பித்தான் கிடக்கிறது. தெரிந்தவர்கள் ஒழுங்காகச் சொல்லித் தாருங்கள்.

பதில்: தெஹிவளை டெலிவரி

தம்பி, நாள் முழுக்க இந்த ரோட்டில்தான் நான் சாப்பாடு கொண்டு திரிகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஆட்டம். வேகம் குறையக் குறைய பைக் தானாக நிமிர்ந்து நிற்காது, நீதான் பிடிக்க வேண்டும். அநேகமாக நீ கிளட்சை முழுதாகப் பிடித்துவிட்டு பைக்கை உருள விடுகிறாய் என்று நினைக்கிறேன், அப்படி விட்டால் ஆடாமல் என்ன செய்யும்? முதலாவது கியரில் போட்டு, அக்சிலரேட்டரைக் கொஞ்சமாக, ஒரே அளவில் பிடி. கிளட்சைப் பாதியில் வைத்திரு, அதாவது பைக் இழுக்கத் தொடங்கும் அந்த இடத்தில். வேகத்தைக் குறைக்க அக்சிலரேட்டரை விடாதே, வலது காலால் பின் பிரேக்கை மெல்ல அமத்து. சில்லுக்கு எஞ்சின் இழுவையும் பிரேக்கும் ஒரே நேரத்தில் இருந்தால் பைக் இறுகி நிற்கும். ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, நடக்கும் வேகத்தில் பைக்கைக் கீழே போடுவது அதுதான். முழங்கால் இரண்டாலும் டாங்கை இறுக்கு, கையைத் தளர்த்து. பார்வை முக்கியம். பக்கத்துக் காரின் கண்ணாடியைப் பார்த்தால் நேரே அதில்தான் போய் முட்டுவாய், நீ போக வேண்டிய இடத்தின் கடைசியைப் பார்.

எஞ்சின் நிற்கிறது என்றால் கிளட்ச் வயரையும் பார். லிவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை சும்மா ஆட வேண்டும். அது கூடினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, கியரில் நிற்கும்போதே பைக் முன்னால் இழுக்கும். ஆட்டமே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கித் தேயும். கராஜ் பாஸிடம் கொண்டுபோனால் கதைத்துக்கொண்டிருக்கும்போதே சரிசெய்து தருவார்.

இதை ரோட்டில் பழகாதே. ஞாயிறு காலையில் வெறுமையாக இருக்கும் ஏதாவது ஒரு வாகனத் தரிப்பிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு வரிசையாக, ஹாண்டிலைவிட ஒரு முழம் கூட அகலம் விட்டு வைத்து, கால் வைக்காமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்று பார். வேகமாகப் போக யாராலும் முடியும், மெதுவாகப் போகத் தெரிந்தவன்தான் நெரிசலில் ஓடலாம்.

பதில்: கொட்டாஞ்சேனை ஸ்கூட்டி

அண்ணா சொன்னது கியர் பைக்குக்கு. டியோ மாதிரி ஸ்கூட்டி ஓடும் பிள்ளைகளும் இதை வாசிப்பீர்கள், உங்களுக்குப் பாதி கிளட்ச் என்று ஒன்று இல்லை, அக்சிலரேட்டரை முழுதாக விட்டால் இழுவை அறுந்து ஸ்கூட்டி தள்ளாடும். அக்சிலரேட்டரைச் சின்னதாகத் திறந்தே வைத்துக்கொண்டு இடக்கைப் பிரேக்கால் மட்டும் வேகத்தைப் பிடியுங்கள்.

தம்பி, நடுவில் மாட்டுப்படுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நுழையும் முன்பே வெளியே வரும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு கார் தள்ளி ஒரு இடைவெளி தெரிகிறதா, அதுவரை போங்கள், அங்கே வரிசைக்குள் வந்து நில்லுங்கள், அங்கிருந்து அடுத்ததைப் பாருங்கள். அடுத்தது தெரியாவிட்டால் போகாதீர்கள், அவ்வளவுதான். கலர் லைட் வரைக்கும் ஒரே இழுவையில் போக வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் நீங்கள் சொல்வது போல் மாட்டுகிறார்கள்.

கொழும்பில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் பெரிய சந்திகளில் லைட்டைக் கணக்கில் எடுக்காமல் பொலிஸ்காரர் கையால் விடுவார். லைட் சிவப்பாக இருக்கும்போதே வரிசை நகரும், பச்சையில் நிற்கும். அதனால் லைட்டை நம்பி நுழையாதீர்கள். முன்னால் நிற்கும் வாகனங்களின் பிரேக் லைட் ஒன்றன்பின் ஒன்றாக அணையத் தொடங்கினால் நகரப் போகிறது என்று அர்த்தம், உடனே வரிசைக்குள் வந்துவிடுங்கள். பக்கத்துக் கார் திரும்பப் போகிறதா என்பதை அதன் முன் டயரில் பாருங்கள், காரின் உடல் அசைவதற்கு முன்பே டயர் திரும்பும். சிக்னல் போடாதவர்கள் கனபேர், ஆனால் டயரைத் திருப்பாமல் யாரும் திரும்ப முடியாதுதானே.

ஹோர்ன் அடிப்பவர்களுக்கு இடம் விடுங்கள். அடுத்த இடைவெளியில் ஒதுங்கினால் அவர்கள் போய்விடுவார்கள். அவர்களுடைய அவசரத்துக்கு நீங்கள் ஓட வேண்டியதில்லை.

பதில்: ஸ்கூல் வான்

நான் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் இதே நெரிசலில்தான் நிற்கிறேன். எங்களுக்குத் தெரிவது கண்ணாடியில் விழுவது மட்டும்தான். பின் கதவுக்கு நேரே வந்துவிட்டால் நீ எனக்கு இல்லை. அந்த இடத்தில் நிற்காதே, ஒன்றில் பின்னால் நில், இல்லாவிட்டால் தாண்டிப் போ. பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் கண்ணாடியில் சட்டென்று தெரியும். ஹோர்ன் அடிப்பதென்றால் சின்னதாக ஒருதரம் போதும், நீட்டி அடித்தால் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று தெரியாமல் நாங்கள் தடுமாறுகிறோம்.

அடுத்தது வேகம். மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 11 மீற்றர், ஒரு பஸ் நீளம். ஒருவர் கதவைத் திறந்து நீ பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி போய்விடும், அதற்குள் ஒரு பஸ்ஸைத் தாண்டியிருப்பாய். 20 என்றால் ஐந்தரை மீற்றர். நிற்கிற வாகனங்களுக்கு இடையால் வருவதென்றால் தயவுசெய்து அதற்கு மேல் வராதே, நகர்ந்துகொண்டிருந்தால் அவர்களைவிடக் கொஞ்சம் கூட மட்டும். எல்லோரும் 40, 50 இல் ஓடத் தொடங்கிவிட்டால் இடையில் உனக்கு வேலையே இல்லை, வரிசையில் வா.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. டயர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு சந்தேகம். வெள்ளவத்தையில் பஸ் தரிப்பிடத்தில் பஸ் நடுரோட்டில் நிற்கும்போது இடது பக்கம் நல்ல அகலமாகக் கிடக்கிறது. நிறையப் பேர் அதால்தான் போகிறார்கள். அது லேசான வழிதானே?

பதில்: தெஹிவளை டெலிவரி

இல்லை தம்பி. இந்த ஒன்றை மட்டும் நான் சொன்னால் கேள்.

100, 101, 155 மூன்றும் அந்த ரோட்டில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகிற பஸ்கள். தரிப்பிடம் வரை வராமல் நடுவிலேயே நிறுத்தி ஆட்களை இறக்குவார்கள். பின் வாசலைக் கவனித்துப் பார், முதலில் ஒரு பை வெளியே வரும், அப்புறம் கம்பியைப் பிடித்த கை, அப்புறம் கால். கால் ரோட்டில் படும்போது அந்த மனிசி பார்ப்பது நிலத்தை, உன்னை அல்ல. அவருக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு இன்னொருவர் இறங்குவார். நீ 20 இல் வந்தாலும் அங்கே ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் பஸ், மற்றப் பக்கம் நடைபாதைக் கல். ஆட்களை ஏற்றிய கையோடு பஸ் இடது பக்கம் இழுத்தாலும் அதே கதைதான். சட்டப்படியும் இடது பக்கத்தால் முந்துவது குற்றம், பிடித்தால் தண்டப்பணம். ஆனால் அந்தப் பெண்ணுக்காகத்தான் நான் அதால் போவதில்லை.

பதில்: கொட்டாஞ்சேனை ஸ்கூட்டி

நூற்றுக்கு நூறு. எங்கள் பக்கத்தில் துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர்கள்தான் பிரச்சினை. இங்குருகடே சந்திப் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், கொண்டெய்னர் இடது பக்கம் திரும்பும்போது தலை வலது பக்கம் அகன்று போகும், இடம் விட்டுத் தருகிறார் என்று நினைத்து உள்ளே போனால் பின் சில்லு மூலையை வெட்டிக்கொண்டு வரும். சந்திகளில் நீளமான வாகனத்தின் இடது பக்கம் நிற்கவே வேண்டாம். இரண்டு பஸ்ஸுக்கு நடுவிலும் போக வேண்டாம், ஒன்று அரை அடி சரிந்தாலே முடிந்தது.

அதோடு பாதசாரிக் கடவை. முன்னால் ஒரு வாகனம் காரணம் இல்லாமல் நிற்பது போல் இருந்தால், அதற்கு முன்னால் ஒருவர் ரோட்டைக் கடக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் மறைத்தால் அவர் உங்களுக்குத் தெரியமாட்டார், நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். கடவை வருகிறதென்றால் இடையால் போவதை அதற்கு முன்பே நிறுத்தி வரிசையில் நில்லுங்கள்.

பதில்: சிட்னியில் இருந்து

நான் முன்பு பொரளையில் ஓடியவன், இப்போது இங்கே. இந்த மாநிலத்தில், அதாவது நியூ சவுத் வேல்ஸில், 2014 ஜூலையில் இருந்து வாகனங்களுக்கு இடையால் போவதைச் சட்டப்படியே விட்டிருக்கிறார்கள், ஆனால் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் கூடாது, முழு லைசன்ஸ் இருக்க வேண்டும், நடைபாதை ஓரத்தால் போகக் கூடாது, பாடசாலை வலயத்தில் கூடாது. மேலே அண்ணா சொன்ன இடது பக்கம் இங்கேயும் தடைதான். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்விலும், சுற்றி ஓடும் வாகனங்களைவிட மணிக்கு 15 மைலுக்கு, அதாவது சுமார் 24 கிலோமீற்றருக்கு மேல் கூடாமல் போனால் ஆபத்து குறைவு என்றே கண்டார்கள். வான்காரர் சொன்ன கணக்கும் அதுதான். ஆனால் இங்கே வரிசை வரிசையாக நிற்கிறார்கள், அங்கே ஓட்டோ எந்த இடுக்கிலும் முன் சில்லை நுழைக்கும், அதனால் இங்கத்தைய 30 ஐ அங்கே 20 என்று எடுங்கள்.

பதில்: மருதானை

எல்லோரும் பழக்கிவிடுகிறீர்கள், ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே? பத்து நிமிஷம் முந்திப் போய் என்ன செய்யப் போகிறார்? என் மச்சான் வலது பக்கத்தால், நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் ஏறிப் போய்த்தான் அடிபட்டார், இன்றைக்கும் முழங்கால் சரியில்லை.

பதில்: தெஹிவளை டெலிவரி

அண்ணே, உங்கள் மச்சானுக்கு நடந்தது கவலையான விஷயம். நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வருகிறவனின் பக்கத்தில் ஏறுவதை நானும் ஒருநாளும் சொல்லமாட்டேன், தொடர்கோடு என்றால் அது தனிக் குற்றமும்கூட. ஆனால் தம்பி நாளைக்கும் அதே ரோட்டில்தான் போவார், பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், அவர் எப்படியும் நுழைவார். அதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

தங்கச்சி பின்னால் இருக்கும்போது மட்டும் வேண்டாம் தம்பி. பாரம் கூட, நிறுத்தும் தூரம் கூட, அவளுடைய முழங்கால் உன் ஹாண்டில் அளவுக்கு வெளியே நிற்கும், நீ சரியும் பக்கம் அவளுக்குத் தெரியாது. வரிசையில் நின்றே வா.

கேள்வி கேட்டவர்

பாஸிடம் காட்டினேன், கிளட்ச் வயர் நன்றாகவே தளர்ந்திருந்தது, இறுக்கித் தந்தார். கியரில் நிற்கும்போது இழுப்பது நின்றுவிட்டது. போத்தல் வைத்தும் பழகினேன், பின் பிரேக்கை அமத்தியவுடன் ஹாண்டில் ஆட்டம் குறைவது கையிலேயே தெரிகிறது. தங்கச்சியோடு வரும்போது வரிசைதான், முடிவு. கடைசியாக ஒன்று, பக்கக் கண்ணாடிகளை உள்ளே மடித்துவிட்டால் அகலம் குறையும் என்று வேலைத்தலத்தில் சொல்கிறார்கள், செய்யலாமா? மழைக்கு என்ன செய்வது?

பதில்: கொட்டாஞ்சேனை ஸ்கூட்டி

மடிக்க வேண்டாம். பின்னால் வரும் பைக்கைப் பார்க்காமல் எப்படி ஒதுங்குவீர்கள்? கண்ணாடி போகாத இடத்தால் நீங்கள் போகாமல் இருங்கள். பைக்கில் எது அதிகம் அகலம் என்று ஒருக்கா அளந்து பாருங்கள், ஹாண்டிலா, கண்ணாடியா, லெக் கார்டா என்று. கார்க் கண்ணாடி உங்கள் ஹாண்டில் உயரத்துக்கு வரும், ஜீப்பின் கண்ணாடி உங்கள் கண்ணாடி உயரத்துக்கு வரும், ஆகவே கார் பக்கத்தில் புகுந்த இடைவெளி ஜீப் பக்கத்தில் புகாது. பக்கத்தில் பை தொங்கவிட்டால் அதையும் கணக்கில் சேருங்கள்.

மழையில் ரோட்டில் அடித்த பெயின்டும் இரும்பு மூடிகளும் வழுக்கும். வாகனங்களுக்கு இடையால் போகும்போது சில்லு ஓடுவது லேன் கோட்டின் மேலேதான், அதனால் ஒரு சாண் தள்ளி ஓடுங்கள், கோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் பிரேக் பிடிக்காமல் நேராகக் கடவுங்கள். பின்னேர மழை கொட்டத் தொடங்கும் முதல் கொஞ்ச நேரம்தான் மோசம், ரோட்டில் கிடக்கும் எண்ணெய் அப்போதுதான் மிதக்கும், ஆட்களும் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடுவார்கள். அந்த நேரம் நான் வரிசையை விட்டு வெளியே வருவதில்லை.