கல்லூரிகளுக்குத் தனி நெட்வொர்க் இனியும் தேவையா?

சேலம்_கணக்கர்:
உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நிதிக்குழுவில் ஆறு வருடம் இருந்தவன் நான். கல்லூரிகளையும் ஆய்வு நிறுவனங்களையும் அதிவேகத்தில் இணைக்கும் என்.கே.என் எனப்படும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010 மார்ச்சில் மத்திய அரசு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. அன்று அதற்கு நியாயம் இருந்தது. நல்ல ஃபைபர் இணைப்பு வாங்க எந்தக் கல்லூரிக்கும் வசதி இல்லை. இன்று மாவட்டத் தலைநகரங்களில் நாலைந்து கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கொடுக்கின்றன. எங்கள் மாணவர்கள் ஐ.ஐ.டி.கள் இலவசமாகத் தரும் என்.பி.டி.இ.எல் காணொளிப் பாடங்களை யூடியூபில், தங்கள் கைப்பேசி டேட்டாவில்தான் பார்க்கிறார்கள். கல்லூரிக்கு வரும் அரசு இணைப்புக்கும் அவர்கள் படிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவே பல்கலைக்கழகங்களை இணைத்த தன் அரசு வலையமைப்பான என்.எஸ்.எஃப்.நெட்டை 1995 ஏப்ரலில் மூடிவிட்டு எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டது. நாம் மட்டும் ஏன் தொடர வேண்டும்? அந்தப் பணத்தைக் கல்லூரிகளுக்கு நேராகக் கொடுத்தால் வேண்டிய இணைப்பை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

பாலாறு:
சேலம் சார், பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். என்.எஸ்.எஃப்.நெட்டை மூடிய மறுவருடமே, 1996 அக்டோபரில், 34 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்கென்று தனி வலையமைப்பு வேண்டி இன்டர்நெட்2 அமைப்பைத் தொடங்கின. பொது இணையம் தங்கள் ஆராய்ச்சிக்குப் போதவில்லை என்பதுதான் காரணம். அமெரிக்க எரிசக்தித் துறை தன் ஆய்வகங்களுக்காக நடத்தும் ஈஎஸ்நெட்டை மூடவே இல்லை.

நம் ஊர்க் கதையும் அப்படித்தான். 1986இல் மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியபோது அதில் இருந்தவை எட்டே இடங்கள்: ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி, பம்பாயின் தேசிய மென்பொருள் நுட்ப மையம், டில்லியில் அந்தத் துறையின் அலுவலகம். தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து மின்னஞ்சல் அனுப்பினார்கள். பொதுமக்களுக்கு அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல் இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். இடையில் இருந்த வருடங்களில் ரூட்டரைத் திறந்து பார்த்து, கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையைப் படித்து, பிழை திருத்திக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை உருவானது. கம்பெனியிடம் இணைப்பை மட்டும் வாங்கியிருந்தால் அந்த ஆட்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். நான் அவர்களில் இரண்டு பேரிடம் வேலை கற்றவன், அதனால் இதைச் சும்மா விட முடியவில்லை.

ஹான்லே_இரவுகள்:
வானியல் முனைவர் பட்ட மாணவி. லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதை இயக்குபவர்கள் உட்கார்ந்திருப்பது பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில். நடுவில் தனிச் செயற்கைக்கோள் இணைப்பு. இதை எந்தக் கம்பெனியின் மாதாந்தரத் திட்டத்தில் வாங்குவது?

இன்னொன்று. 1 டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், அதுவும் முழு வேகம் கிடைத்தால், அனுப்ப 22 மணி நேரம் ஆகும். 10 கிகாபிட்டில் கால் மணிக்கும் குறைவு. அந்த முழு வேகம் பொது இணையத்தில் கிடைக்காது என்பதுதான் சிக்கல். தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும். வழியில் சில பொட்டலங்கள் தொலைந்தாலே, அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் டிசிபி நெறிமுறை தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு, மறுபடி மெல்ல மெல்லத்தான் ஏறும். தூரம் கூடக் கூட அந்த ஏற்றம் இன்னும் மெதுவாகும். வீட்டில் படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து மும்பை டி.ஐ.எஃப்.ஆர், கொல்கத்தா வி.இ.சி.சி ஆகிய ஆய்வு நிறுவனங்களுக்குத் தரவு வாங்குபவர்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி. எல்லா வீட்டுக்கும் போதுமான அளவில் விற்கப்படும் இணைப்பும், ஒரே ஒருவர் ஒரே நேரத்தில் முழுக் குழாயையும் எடுத்துக்கொள்வதற்காகக் கட்டப்படும் இணைப்பும் வேறு வேறு.

சேலம்_கணக்கர்:
தங்கை, உங்கள் தேவையை நான் மறுக்கவில்லை. டி.ஐ.எஃப்.ஆருக்கும் வானியல் நிலையங்களுக்கும் தனிப் பாதை போடட்டும். நான் கேட்பது, டெராபைட் அனுப்பும் நிறுவனங்கள் நாட்டில் எத்தனை? நான் பார்த்த கல்லூரியில் 1,800 பிள்ளைகள். அவர்களில் ஒருவரும் செர்னிலிருந்து எதையும் இறக்கப் போவதில்லை. சிலருக்குத் தேவையானதைக் காட்டி எல்லோருடைய பெயரிலும் திட்டம் போடுகிறோம். கடைசியில் ஐ.ஐ.டிக்கு 10 கிகாபிட், எங்களுக்குச் சுவரில் ஒரு பெட்டி. 'ஆராய்ச்சியும் கல்வியும்' என்று சேர்த்துச் சொல்லும்போதெல்லாம் கல்வி பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

மலர்_டீச்சர்:
சேலம் சார் சொல்லும் அந்தப் பெட்டி எங்கள் கல்லூரியிலும் இருக்கிறது. கிராமப்புறக் கலைக் கல்லூரி, நான் அங்கே கணிதம் எடுக்கிறேன். இணைப்பு வந்த அன்று முதல்வர் அறையிலும் நூலகத்திலும் வேலை செய்தது. வகுப்பறைகளுக்குக் கேபிள் இழுக்கத் திட்டத்தில் பணம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து ரூட்டர் போனது. மாற்றித் தர வேண்டியது நீங்கள்தான் என்று இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. ஏழு மாதம் கடிதம் எழுதினேன். எங்களுக்கென்று ஒரு நெட்வொர்க் ஆள் இல்லை. ஆய்வகத் தம்பிதான் எல்லாம்.

ஆனால் சார், பணத்தை நேராகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கல்லூரி தனியாகப் போய்ப் பேரம் பேசினால் யார் மதிப்பார்கள்? ரூட்டர் போனால் அங்கேயும் வாடிக்கையாளர் சேவை எண்தான் கிடைக்கும். நூலக இதழ்கள் வாங்குவதில் எல்லோரும் சேர்ந்து கேட்டதால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தது. இதுவும் அதே மாதிரிதான்.

யாழ்_வளாகத்தான்:
இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் லேர்ன் வலையமைப்பு உங்கள் என்.கே.என்னோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 1990 அளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மின்னஞ்சல் சேவையாக ஆரம்பித்தது. இப்போது பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களுமே உறுப்பினர்.

2020இல் வளாகங்கள் பூட்டப்பட்டபோது, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவோடும் தொலைபேசி நிறுவனங்களோடும் பேசி, பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணவர் தரவுக் கட்டணம் இல்லாமல் பார்க்க வழிசெய்தார்கள். ஜூம் வகுப்புகளும் லேர்ன் ஊடாகவே நடந்தன. கிளிநொச்சியில் வீட்டு முற்றத்தில், கைத்தொலைபேசியில் விரிவுரை கேட்ட பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். பதினைந்து பல்கலைக்கழகங்களும் தனித்தனியே நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தால், அந்தப் பேச்சுவார்த்தைக்கு யார் போயிருப்பார்கள்? எல்லோருக்காகவும் பேச ஒரு அமைப்பு முன்னமே இருந்தது. சேலம் ஐயாவின் கணக்கில் அதற்கு ஒரு வரி இல்லை.

சேலம்_கணக்கர்:
இது எனக்குத் தெரியாத செய்தி, நன்றி. என் வாதத்தில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன்: கைப்பேசியில் படிக்கும் மாணவருக்கும் இந்த அமைப்பால் உதவ முடியும். ஆனால் நீங்கள் சொன்ன கதையில் வேலை செய்தது கேபிள் அல்ல, உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லும் ஓர் அமைப்பு. எர்நெட்டும் என்.கே.என்னும் மேலே அமைச்சகத்துக்குப் பதில் சொல்கின்றன. மலர் டீச்சரின் ஏழு மாதக் கடிதத்துக்கு யார் பதில் சொன்னார்கள்?

பாலாறு:
இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆஸ்திரேலியாவின் கல்வி வலையமைப்பான ஆர்நெட்டுக்குச் சொந்தக்காரர்கள் அங்குள்ள பல்கலைக்கழகங்களும் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனமும். நெதர்லாந்தில் அதே வேலையைச் செய்யும் சர்ஃப் ஒரு கூட்டுறவு. பிரிட்டனின் ஜேனட்டில் பல்கலைக்கழகங்களோடு தொழிற்பயிற்சிக் கல்லூரிகளும் உண்டு, அவற்றைத் துணைச் சேர்க்கையாக நடத்துவதில்லை. நாம் ஊர்களை இணைக்கும் முதன்மைப் பாதையான முதுகெலும்பை நன்றாகக் கட்டினோம், கல்லூரிக்குள் போகும் விரல் நுனியை விட்டுவிட்டோம். மாவட்டத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று நெட்வொர்க் ஆட்களை வைத்து, சுற்றியுள்ள கல்லூரிகளின் ரூட்டர், வைஃபை, எடுரோம் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எடுரோம் ஒழுங்காக நடந்தால் மலர் டீச்சர் தன் கல்லூரிக் கடவுச்சொல்லை வைத்துச் சென்னையிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உள்ள பல்கலைக்கழக வைஃபையில் உள்நுழையலாம்.

சேலம்_கணக்கர்:
மூன்று ஆட்களின் சம்பளம் யார் கணக்கில்? கல்லூரிக் கட்டணத்தில் ஏற்றினால் நான் எதிர்ப்பேன்.

மலர்_டீச்சர்:
முதுகெலும்புக்குக் கோடிகளை ஒதுக்கியவர்களே தரட்டும் சார். எங்கள் மாவட்டத்தில் உள்ள கல்லூரிகளில் எத்தனை பெட்டிகள் உயிரோடு இருக்கின்றன என்று இந்த வாரமே கேட்டு எழுதுகிறேன். ஆய்வகத் தம்பியும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறான். எண்ணிக்கை கையில் கிடைத்ததும் இங்கே போடுகிறேன்.